போத்தனூர் பெண்ணின் மகன் – 4: கதவைத் தட்டிய போலீஸ்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிழக்கே பிரிந்தால் இரும்பை. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. கருவறையில் பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. கடுவெளிச் சித்தரின் தவம் கலைந்த பிறகே மழை பெய்ததாம். அந்த மகிழ்ச்சியில் நடந்த விழாவில், ஆடியவளின் சிலம்பு கழன்றது. ஆட்டம் நிற்கக் கூடாதே என்று சித்தர் குனிந்து எடுத்துக் கட்டிவிட்டார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. நொந்து அவர் பாட, லிங்கம் மூன்றாய் வெடித்தது என்கிறது ஐதீகம்.

மழை வாங்கிக்கொண்ட ஊர்தான் சிரித்தது. கணித மேதை ஆலன் டூரிங்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சன்னிதிதான் கண்முன் வருகிறது.

அவர் அம்மா ஈதெல் பிறந்தது நம் போத்தனூரில். தாத்தா ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அண்ணன் பிறந்தது குன்னூரில். அப்பா மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்த ஆலனை இங்கிலாந்திலேயே ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டுப் பெற்றோர் இங்கே திரும்பிவிட்டார்கள்.

கட்டளையை மாற்றினால் போதும், ஒரே இயந்திரம் எந்தக் கணக்கையும் போடும் என்று 1936இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்று உங்கள் கையிலிருக்கும் போனுக்கு வித்து. போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்துக்கு 159க்குப் பின்னால் 18 சுழிகள் போட்டால் வருமளவு அமைப்புகள். நள்ளிரவு தாண்டினால் எல்லாம் மாறிவிடும். அதை உடைக்கும் இயந்திரத்தை வடிவமைத்தவர் அவர். நீர்மூழ்கிகளின் வாயிலிருந்து தப்பிய கப்பல்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அத்தனையும் அரசாங்க ரகசியம்.

1952 ஜனவரி. மான்செஸ்டருக்கு அருகே அவர் வீட்டில் திருட்டு. போனது என்ன? ஒரு சட்டை, கால்சட்டை, காலணி, திசைகாட்டி, மீன் உண்ணும் கத்திகள். பறிகொடுத்த எவரும் செய்வதைத்தான் அவரும் செய்தார்: போலீஸில் சொன்னார்.

வந்தவர்களுக்கு அவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், அவ்வளவே. திருடனைப் பற்றி அவர் சொன்ன துப்பு எப்படிக் கிடைத்தது என்று துருவினார்கள். முதலில் ஏதோ சமாளித்தார். பிறகு உண்மையைச் சொல்லிவிட்டார். தனக்கும் ஓர் இளைஞனுக்கும் உறவு உண்டு, துப்புத் தந்தவன் அவன்தான் என்றார். தன் கையாலேயே ஐந்து பக்கம் எழுதியும் கொடுத்தார். அதில் வெட்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நான் அவரை வணங்குவது, கணிதத்தைவிட, அந்த ஐந்து பக்கங்களுக்காக.

1885ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த உறவு குற்றம். புகார் கொடுத்தவர் மார்ச் 31 அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றார். அவர் முன்னே இரண்டு வழிகள். ஒன்று சிறை. மற்றொன்றுக்கு ‘சிகிச்சை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

டூரிங் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

(அடுத்த வாரம்: ஓராண்டு ஊசி, 1954 ஜூன் 7, அதே ஜூன் 7இல் 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு)