எஸ்தோனிய மொழியும் நாமும்

ஐரோப்பாவின் வடபால், பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனியாவின் மொழியைப் பேசுவோர் சுமார் 11 லட்சம் பேரே. கோத்தா திங்கியில் ரப்பருக்கும் செம்பனைக்கும் நடுவே வாழும் நமக்கு அம்மொழியால் ஆவதென்ன என்று அன்பர்கள் வினவலாம்.

1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், தமிழின் உறவைத் தேடிப் பின்லாந்து மொழி வரை சென்றார். எஸ்தோனியம் அம்மொழியின் உடன்பிறப்பு; இரண்டும் உராலிக் குடும்பத்தவை. திராவிடத்தோடு அக்குடும்பத்துக்கு உறவுண்டு என்பதை இன்றைய அறிஞர் பெரும்பாலோர் ஒப்புவதில்லை. ஆயினும் கால்டுவெல் கண்ட ஒற்றுமை வெறுங்கனவன்று. எஸ்தோனியத்தில் ‘மய’ என்றால் வீடு, ‘மயஸ்’ வீட்டில், ‘மயஸ்த்’ வீட்டிலிருந்து, ‘மயக’ வீட்டோடு. மலாய்க்காரர் ‘டி ரூமா’ என்று முன்னே வைப்பதை இவர் நம்மைப் போல் பின்னே ஒட்டுகின்றனர். நமக்கு வேற்றுமை எட்டு, அவர்க்குப் பதினான்கு. அவன், அவள் என்னும் பேதமோ இல்லை. மலாயின் ‘டியா’ போல ‘தெம’ ஒன்றே இருபாலுக்கும் போதும்.

ஒலியிலும் குறில், நெடிலோடு அளபெடை போன்ற மூன்றாம் நீட்டமொன்று உண்டு. ‘ஸத’ என்றால் நூறு. ‘ஸாத’ என்றால் அனுப்பு. மேலும் நீட்டி ‘ஸாஅத’ என்றால் பெறுதல். இந்த ‘ஸத’வை அவர்தம் முன்னோர் பண்டை இந்தோ-ஈரானியரிடம் பெற்றனர். நாம் வடமொழியிலிருந்து பெற்ற ‘சதம்’ அதன் இனமே. கடன் வாங்காத மொழி ஏது?

இனி அம்மக்களின் கதை. 13ஆம் நூற்றாண்டு முதல் நிலமெல்லாம் ஜெர்மானியப் பிரபுக்களிடம் சிக்கியது. 1816இலும் 1819இலும் சட்டத்தால் விடுதலை பெறும்வரை உழுவோர் பண்ணையடிமைகள். தம்மை அவர்கள் ‘மண்ணின் மக்கள்’ என்றே அழைத்துக்கொண்டனர். அவர்தம் பேச்சு வயலுக்கே உரியதென்பது பிரபுக்களின் எண்ணம். கல்வி கற்று உயர்ந்தவன் ஜெர்மானிய மொழிக்கு மாறினான். ஜெர்மானியனாக நடித்த அத்தகையோனுக்கு, அங்கே விளையும் ஒரு புதர்ச்செடியின் பெயரைச் சேர்த்து, ‘புதர் ஜெர்மானியன்’ என்னும் பொருள்பட ஊரார் பட்டம் சூட்டினர். ஆங்கிலப் பள்ளியில் பயின்று தோட்ட அலுவலகத்தில் கிராணியாய் அமர்ந்த நம்மனோர், இப்பட்டத்தைக் கேட்டுச் சற்று நெளியவே செய்வோம்.

அச்சேறிய கதையிலும் ஒரு வியப்பு. தரங்கம்பாடியில் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு முற்றுப்பெற்ற 1715ஆம் ஆண்டிலேயே வட எஸ்தோனியப் புதிய ஏற்பாடும் வெளிவந்தது. 1819ஆம் ஆண்டு விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக, 1869இல் டார்ட்டு நகரில் முதல் இசைவிழா நடந்தது. ஸ்வீடன் மன்னர் 1632இல் நிறுவிய அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1919 டிசம்பரில் எஸ்தோனியம் பயிற்றுமொழியாயிற்று. சொற்கள் போதவில்லை, ஆக்கத் தொடங்கினர். யோஹன்னஸ் ஆவிக் என்பார் வேர்ச்சொல்லே இன்றிப் புதுச்சொற்கள் பல படைத்தார். ஆயுதத்திற்கு அவர் ஆக்கிய ‘ரெல்வ்’ இன்றும் அந்நாட்டில் நாள்தோறும் வழங்குகிறது.