இறப்பர் மரமும் காம்பராவும்: சப்பிரகமுவப் பெருந்தோட்டக் குடியிருப்பு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வீட்டின் உள்ளமைப்பில் இயற்கைப் பொருள்களைக் கையாள்வது பற்றியும், இயற்கையைப் பின்பற்றித் தொழில்நுட்பத்தை வகுத்துக்கொள்வது பற்றியும் இன்று பரவலாகப் பேசப்படுகின்றது. தும்பு மெத்தை, இறப்பர்மரத் தளபாடம், களிமண் ஓடு, பன்பாய் முதலியன நிலைபேறான பொருள்கள் எனப் போற்றப்படுகின்றன. இப்போற்றுதல் தவறானதன்று. ஆயின், பொருள் எம்மரத்திலிருந்து வந்தது என வினவுவோர், அம்மரத்தை வளர்த்தவர் எத்தகைய வீட்டில் வாழ்ந்தார் என வினவுவது அரிது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்ட வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869 இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரத்தைச் சிதைத்தது. உயர்ந்த மலைச்சாரல்களில் தேயிலை அதனிடத்தைப் பெற்றது. தாழ்ந்த சாரல்களுக்கு வந்தது இறப்பர். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்ட விதைகளின் நாற்றுக்கள் 1876 இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகன உற்பத்தி பெருகவே, சப்பிரகமுவவின் ஈரக் குன்றுகள் பலவும் இறப்பர்த் தோட்டங்களாயின. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணி முறையினூடாகக் கொணரப்பட்ட தொழிலாளர் அங்கு பால்வெட்டினர்.

அவர்களுக்கென அமைக்கப்பட்டதே லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் ஒரு காம்பரா. அதன்முன் ஓர் இஸ்தோப்பு. மேலே நெளிதகரக் கூரை. பல இடங்களில் இரு வரிசைக் காம்பராக்கள் ஒரே பின்சுவரைப் பகிர்ந்து முதுகொட்டி நின்றன. பின்பக்க யன்னலுக்கு அங்கே வழியில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழைபெறும் இரத்தினபுரிப் பகுதியில் தகரம் பகலில் வெப்பத்தை உள்ளிறக்கியது. மழையில் பேச்சொலியை அமுக்கியது. அடுப்புப் புகையை வெளிவிடாது தேக்கியது.

தோட்ட எல்லைக்கு அப்பாலிருந்த சிங்களக் கிராமத்தவர் வரிச்சு கட்டி மண்ணப்பிய சுவரும், இலுக்குப் புல்லோ கிடுகோ வேய்ந்த கூரையும் கொண்ட வீடுகளை அமைத்திருந்தனர். தொழிலாளரும் மண்சுவர் எழுப்பவும் ஓலை வேயவும் அறிந்த உழவர் மரபினரே. இருசாராரிடமும் இருந்த இவ்வறிவு லயத்தினுள் நுழையாமற் போனது ஏன்? வேய்ந்த கூரையை இடையிடையே புதுப்பித்தல் வேண்டும். அதற்குப் புல் வளரும் நிலமும், வேய்பவருக்கு ஓய்ந்த நாள்களும் தேவை. நிலம் தோட்டத்திற்குரியதாயிருந்தது, நாள்களும் பெரும்பாலும் தோட்டத்திற்குரியனவாயிருந்தன. தகரமோ ஒருமுறை அறைந்தால் நெடுங்காலம் கிடக்கும். உழைப்பு நேரத்தைக் கூரைக்குச் செலவிடாது பால்வெட்டுக்கே ஒதுக்கிக்கொள்ளும் மூலதனத்தின் கணக்கு இத்தேர்வில் அடங்கியிருந்தது எனலாம். நூறாண்டு கடந்த லயங்கள் பல இன்றும் குடியிருப்பாகவே உள்ளன. பொருளின் ஆயுள் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் லயமும் நிலைபேறான கட்டடமே!

எனினும் தொழிலாளர் அக்காம்பராவை அவ்வாறே ஏற்றுக்கொண்டாரல்லர். மண்தரையைச் சாணமிட்டு மெழுகினர். சாக்கையும் சேலையையும் தொங்கவிட்டு ஓரறையை ஈரறையாக்கினர். இஸ்தோப்பை மறைத்துச் சமையற்கட்டாக்கினர். இவற்றை வறுமையின் அடையாளமாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. கிடைத்த பொருளை வீணாக்காது வெப்பத்தையும் ஈரத்தையும் எதிர்கொண்ட உள்ளமைப்பு அறிவு இவற்றில் உண்டு. இதே மாவட்டத்தின் மாணிக்கக் குழிகளிலும் இத்தகைய அறிவைக் காணலாம். குழியின் பக்கங்களுக்கு மரச்சட்டம் அமைத்து, இடைவெளிகளில் கெக்கில்ல எனப்படும் பன்னத் தழையைச் செருகுவர். தழை மண்ணைத் தடுக்கும், நீரை வடியவிடும். அங்கு உழைப்பவனின் உயிர் அதனைச் சார்ந்திருப்பதால் அவ்வறிவு தொடர்ந்து கையாளப்படுகின்றது.

நவீன இலங்கைக் கட்டடக்கலையும் உள்ளூர்ப் பொருள்களை நாடியது. கண்டியில் மினெட் டி சில்வா (1918-1998) தாம் அமைத்த வீடுகளில் தும்பறை நெசவையும் அரக்கு வேலையையும் நவீன அமைப்போடு இணைத்தார். 1950களில் உருவான வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தில், குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்து வழங்கி அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். அவரது பணியின் முற்போக்கான கூறு இதுவேயாகும். ஜெப்ரி பாவா (1919-2003) பெந்தோட்டைக்கு அருகே கைவிடப்பட்ட இறப்பர்த் தோட்டமொன்றை 1940களின் இறுதியில் வாங்கி, லுனுகங்க என்னும் புகழ்பெற்ற பூங்காவாக மாற்றினார். நெளிதகட்டின்மேல் நாட்டு ஓடு பரப்பும் கூரைமுறை அவரது கட்டடங்களால் பெயர்பெற்றது. அதே காலப்பகுதியில், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. ஒருவருக்கு இறப்பர்த் தோட்டம் கலையின் களமாக, மற்றவருக்கு நெளிதகரத்தின்மேல் ஓடு பரப்பும் உரிமைதானும் இல்லாதிருந்தது. இதற்குத் தனிமனிதரைக் குறைகூறுவதாற் பயனில்லை. நிலவுடைமை உறவே அழகியலின் எல்லையை வகுத்தது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இறப்பர் மரத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. ஏறத்தாழ முப்பதாண்டு பால்தந்த மரம் வெட்டப்பட்டு நெடுங்காலம் விறகாகவே எரிந்தது. மாப்பொருள் மிகுந்த அம்மரத்தைப் பூஞ்சணமும் பூச்சியும் விரைவில் தாக்கும். போரன் உப்புக்களை ஊட்டி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின்னர் அதுவே தளபாட மரமாயிற்று. காட்டை அழிக்காத மரம் என்னும் சிறப்பும் அதற்குக் கிட்டியது. தென்னந்தும்பை இறப்பர்ப் பாலால் பிணைத்து மெத்தை செய்யும் முறையும் இத்தகையதே. ஆனால் விறகு விலைமதிப்புள்ள பண்டமாக உயர்ந்தபோது, மரத்தை வளர்த்தவரின் காம்பரா அதனோடு உயரவில்லை.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. லயத்தைத் தொழிலாளர் உடைமையாக்கவில்லை. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் இனவன்முறை சப்பிரகமுவத் தோட்டங்களையும் தாக்கியது. பலர் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். எந்நேரமும் எரிக்கப்படக்கூடிய, எந்நேரமும் வெளியேற்றப்படக்கூடிய வீட்டில் எவர் ஓடு பரப்புவர், எவர் மரம் நடுவர்? 1992 இல் தோட்ட முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. அதே ஆண்டு மே மாதத்தில் இரத்தினபுரியையும், 2016 மே மாதத்தில் கேகாலையையும் தாக்கிய மண்சரிவுகள், சரிவில் எவர் எங்கே குடியமர்த்தப்பட்டனர் என்னும் கேள்வியை உயிரிழப்புக்களுடன் எழுப்பின. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்கள் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் காணி எனும் அளவை ஏற்றமை ஒரு முன்னேற்றமே. எனினும் அவற்றின் பயன் இன்னும் லயங்களிலேயே வாழும் குடும்பங்கள் யாவற்றையும் எட்டவில்லை.

வீடில்லாப் பிரச்சினையைச் சொத்துறவிலிருந்து பிரித்துத் தீர்க்கவியலாது என 1872 இல் ஏங்கல்ஸ் வாதிட்டார். சப்பிரகமுவ வரலாறு அவ்வாதத்தைப் பொருள்களின் தளத்திலும் மெய்ப்பிக்கின்றது. இயற்கையோடு இயைந்த வீட்டிற்கு மண்ணும் மரமும் தும்பும் இங்கு என்றும் குறைந்ததில்லை. அவற்றைக் கையாளும் அறிவும் மக்களிடம் இருந்தது. குறைந்தன நிலமும் நேரமும் உரிமையுமே. நிலைபேறான வீடமைப்பை வேண்டுவோர், பால்வெட்டுத் தொழிலாளியின் காணியுறுதியிலிருந்து தம் ஆய்வைத் தொடங்குவதே பொருத்தமாகும்.