குந்துருக்க நாட்டுக் கோடை

அக்கினி நட்சத்திரம், வற்றிய ஏரி, மதிய வேளையில் வெறிச்சோடிய தெரு என்று கோடையைப் பற்றி நம் மனத்தில் ஒரே சித்திரம்தான் பதிந்திருக்கிறது. அரபிக் கடலுக்கு அக்கரையிலுள்ள ஓமான் தேசத்திலோ, கோடை எப்படி இருக்கும் என்று ஒருவரிடம் விசாரிப்பதற்கு முன், அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மஸ்கட்வாசி தம் நகரத்தைச் சூழ்ந்து நின்று இரவிலும் அனல் கக்கும் கரும்பாறைக் குன்றுகளைச் சுட்டிக்காட்டுவார். ஹஜர் மலைத்தொடரில் 2000 மீட்டர் உயரத்தில், சைக் பீடபூமியில் தோட்டம் வைத்திருப்பவர், மாதுளை திரளும் காலம் என்பார். ருப் அல்-காலி என்னும் மணற்காட்டின் விளிம்பில் ஒட்டகம் மேய்ப்பவருக்குக் கிணற்றை விட்டு அகலக்கூடாத காலம் அது. தெற்குக் கோடியிலுள்ள தோஃபார்க்காரர் மட்டும், கோடையா, அப்போது எங்களூரில் மலையெல்லாம் பச்சை என்று சொல்லி நம்மைத் திகைக்க வைப்பார்.

மஸ்கட்டின் வெயிலுக்குச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. ஹேராத்தில் ஆண்ட ஷாருக்கின் தூதராக 1442ஆம் ஆண்டு கள்ளிக்கோட்டைக்குப் புறப்பட்ட அப்துர் ரஸாக், ஹோர்முஸில் தாமதமாகிப் பருவம் தவறியதால், கோடையின் உக்கிரத்தில் மஸ்கட்டில் வந்து சிக்கிக்கொண்டார். பின்னர் விஜயநகரத்துத் தேவராயரின் சபையை அவ்வளவு அழகாக வர்ணித்த அந்தப் பிரயாணி, உறையிலிருந்த வாள் மெழுகாய் உருகியதென்று மஸ்கட்டைப் பற்றி எழுதி வைத்தார். பாரசீக எழுத்தாளருக்கு உயர்வு நவிற்சி பிறவிக்குணம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் அவர் அங்கே நோயில் விழுந்ததும், குரியாத் வழியாகக் கல்ஹாத் துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அணியலங்காரம் அல்ல. அதே குரியாத்தில் 2018 ஜூன் 26 அன்று, நள்ளிரவு உட்பட ஒருநாள் முழுவதும் உஷ்ணம் 42.6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவேயில்லை என்பதைப் படித்தபோது, அந்தத் தூதரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இந்த வெக்கையிலிருந்து தப்ப, மஸ்கட்டிலும் மத்ராவிலும் வசதி படைத்தோர் முற்காலத்தில் குடும்பத்தோடு சீப், பர்க்கா பக்கத்துப் பேரீச்சந்தோப்புகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அறுவடையும் அப்போதுதான். மப்சலி என்ற ஜாதிப் பேரீச்சை முழுதும் கனிவதற்கு முன், மஞ்சள் நிறத்திலேயே குலையை இறக்கி, பெரிய செப்புக் கொப்பரைகளில் வேகவைத்து, வெயிலில் உலர்த்துவார்கள். 'தப்ஸீல்' என்பது அந்தக் காரியத்துக்குப் பெயர். அப்படி உலர்ந்த காய் பெரும்பாலும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. மனிதரை வாட்டிய வெயிலே சரக்கைப் பதப்படுத்தியும் கொடுத்தது.

ஆயினும் நான் சொல்ல வந்தது தோஃபாரைப் பற்றி. ஆனி பிறந்து சில நாட்களில், கேரளத்தையும் கன்னியாகுமரியையும் நனைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையையும் தழுவிக்கொண்டு ஓடுகிறது. ஓடும்போது கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிடுவதால், ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழும்புகிறது; அந்தக் குளிர்ச்சியின் மீது தவழ்ந்து வரும் ஈரக்காற்று மூடுபனியாகி, ஸலாலா நகருக்குப் பின்னால் வில்லாக வளைந்து நிற்கும் காரா மலையில் போய் முட்டுகிறது. மேலே எழும்பிப் பெருமழையாகக் கொட்டலாமென்றால், பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று பானைக்கு மூடியிட்டதுபோல் மேலே கவிந்திருக்கிறது. ஆகையால் இடியில்லை, மின்னலில்லை. ஓயாத தூறல் மட்டும். மரங்களின் இலைகள் பனியை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக வேருக்கு ஊட்டுகின்றன. அரபியில் இலையுதிர்காலத்தைக் குறிக்கும் 'கரீஃப்' என்ற சொல்லை, இலை துளிர்க்கும் இந்தப் பருவத்துக்கு அவர்கள் வைத்திருப்பது ஒரு விநோதம்தான்.

இந்த மூடுபனியைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழி நூலில் இருக்கிறது. குந்துருக்கம் விளையும் நாடு மலையும் மேகமும் சூழ்ந்தது, காற்றே நோயைத் தருவது, அரசனின் அடிமைகளும் தண்டனை பெற்றவர்களுமே அங்கே பிசின் சேகரிப்பவர்கள் என்றெல்லாம் அவன் அச்சுறுத்துகிறான். விலையுயர்ந்த சரக்கு விளையும் இடத்தைப் பற்றி வியாபாரிகள் இப்படிப்பட்ட கதைகளைப் பரப்புவது வழக்கமே. அதற்கும் சில நூற்றாண்டுகள் முன்பு ஹெரொடோட்டஸிடம் யாரோ, அந்த மரங்களைச் சிறகுள்ள பாம்புகள் காவல் காப்பதாகச் சொல்லி நம்ப வைத்திருந்தார்கள். உண்மையில் அந்த மரம் பெரும்பாலும் பனிக்குள் வளர்வதில்லை. மலைமுகட்டைத் தாண்டி, தூறல் எட்டாத வறண்ட சரிவிலும் பள்ளத்தாக்குகளிலும், பனியின் குளிர்ச்சி மட்டும் தொட்டுச் செல்லும் இடத்தில்தான் உயர்ந்த ரகப் பிசினைத் தருகிறது. சித்திரை வாக்கில் 'மன்காஃப்' என்ற சிறு உளியால் பட்டையைச் சீவினால் பால் கசியும். முதற்கசிவைச் சுரண்டி எறிந்துவிடுவார்கள். சில வாரங்கள் சென்று அதே காயத்தைப் புதுப்பித்தால் வருவது சுமார். மூன்றாம் முறை சொட்டி இறுகும் வெண்பச்சை முத்துகளே விலைபோகும் சரக்கு.

அந்தச் சரக்கு ஏறிய துறைகளுள் ஒன்று, ஸலாலாவுக்குக் கிழக்கே கோர் ரோரி என்ற உப்பங்கழியின் கரையில் இருந்த ஸும்ஹுரம். பெரிப்ளூஸ் 'மோஸ்கா' என்று குறிப்பிடும் துறைமுகம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். தமிழகத்திலிருந்தும் பரூச்சிலிருந்தும் திரும்பும் கப்பல்கள் பருவம் பிந்திவிட்டால் அங்கே தங்கி, துணியும் கோதுமையும் நல்லெண்ணெயும் கொடுத்துக் குந்துருக்கம் வாங்கின என்கிறது அந்நூல். 2006ஆம் ஆண்டு இத்தாலிய அகழ்வாய்வுக் குழுவினர் அங்கே ஒரு பானையோட்டைக் கண்டெடுத்தார்கள். ஏறத்தாழ முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறியிருந்தது 'ணந்தை கீரன்' என்ற பெயர். நக்கீரனை அறிந்த நமக்கு அவன் அயலான் அல்லன். காற்றுத் திரும்பும்வரை காத்திருந்தவர்களுள் அவனும் ஒருவனோ, எண்ணெய்ப் பானை மாறிவிடாதிருக்கப் பெயரைக் கீறிக்கொண்டானோ என்பதெல்லாம் என் ஊகம். கரீஃப் வந்தால் கடல் கொந்தளித்துத் துறை அடைபட்டுவிடும் என்பது மட்டும் ஊகமன்று. அண்மைக்காலம் வரை பாய்மரக் கலங்களுக்கு இருந்த நிலைமையும் அதுவே.

பதினான்காம் நூற்றாண்டில் இபின் பதூதா வந்தபோது தோஃபாரில் தென்னையையும் வெற்றிலைக் கொடியையும் கண்டு, இவை இந்தியாவுக்கும் இந்த ஊருக்குமே உரியவை என்று இரண்டையும் சாவகாசமாக வர்ணித்தார். கள்ளிக்கோட்டையிலிருந்து நல்ல காற்றில் இருபத்தெட்டு நாளில் தாம் அங்கு வந்து சேர்ந்ததையும் எழுதினார். மாடுகளுக்கு மத்தி மீனைத் தீவனமாகப் போடும் அதிசயம் அவர் கண்ணைத் தப்பவில்லை. அது இன்றும் மறையவில்லை. கடல் திறந்ததும் பிடிபடும் மத்தியை மணலில் பரப்பி உலர்த்தி, புல் தீரும் மாதங்களுக்கென்று சேமிக்கிறார்கள். மலையில் சேறு வழுக்கி ஒட்டகம் காலொடிக்கும் என்பதாலும், ஈக்களின் உபத்திரவத்தாலும், கரீஃபில் அவற்றை மட்டும் சமவெளிக்கு இறக்கிவிடுவது மலைவாசிகளின் பழைய வழக்கம்.

இப்போது மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர், வெறும் கற்பாலைவனத்தின் ஊடாகவே தார்ச்சாலை வருகிறது. தும்ரைத்தைத் தாண்டும்வரை கார்க் கண்ணாடியில் கைவைத்தால் சுடும். மலைமுகட்டில் ஏறியதும் எதிரே ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும். அதற்குள் நுழைந்து சில நிமிஷங்களில் மழைத்துடைப்பானைப் போட்டு, விளக்கேற்றி, மாட்டு மந்தைக்கு வழிவிட்டு ஊர்ந்து இறங்க வேண்டும். கீழே புல்வெளியில் வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் பாய் விரித்து, தூறலில் நனைந்தபடி தேநீர் அருந்திக்கொண்டிருக்கும். ஒருவர் கையிலும் குடை இராது.