சபரகமுவை மலைவழி — ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து காலையிற் புறப்படும் உல்லாசப் பயண வண்டி, அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை ஆகிய ஊர்களைக் கடந்து, பொழுது சாய்வதற்குள் பெலிகுல் ஓயாவையும் சமனலவெவ நீர்த்தேக்கத்தையும் அடைந்துவிடுகின்றது. ஒரு பகற்பொழுதுக்குள் கோட்டை, கோயில், அருவி, ஏரி, தேயிலை மலை யாவும் கண்ணிற்படுகின்றன. வழிகாட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசனின் பெயரையோ ஓர் ஆண்டையோ கூறுகின்றான். இறப்பர் மரங்களுக்கிடையே தகரக் கூரை வேய்ந்த லயன் அறைகளைக் கடக்கும்போது மட்டும் பெரும்பாலும் அவன் எதுவும் கூறுவதில்லை. இவ்வழியின் வரலாற்றை எழுதப் புகுவோர் அந்த மௌனத்தையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

வழித்துணையோடு இம்மலைகளைக் காணவந்து விரிவான குறிப்பை விட்டுச் சென்றோருள் மொறோக்கோ நாட்டு இபின் பதூதா தலைசிறந்தவர். 1344 ஆம் ஆண்டில் இலங்கையின் மேற்குக் கரையில் இறங்கிய அவரை வரவேற்றவன் ஆரியச்சக்கரவர்த்தி. முத்துக் குவியலைக் காட்டி, வேண்டுவது யாதென மன்னன் வினவ, ஆதத்தின் பாதத்தைத் தரிசிப்பதன்றித் தமக்கு வேறு விருப்பமில்லை என்றார் பயணி. மன்னன் பல்லக்கையும் அதைச் சுமக்கும் அடிமைகளையும் தந்தான். ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னனின் பரிவாரத்தினர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆகியோரும் உடன் சென்றனர். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவர் தமிழரசன் ஒருவனின் ஏற்பாட்டில், சைவ யோகிகளின் துணையுடன், பௌத்தரும் போற்றும் மலைக்குச் சென்றமை ஈண்டு குறிப்பிடத்தக்கது. சிவனொளிபாதமலை எனத் தமிழரும் சமனல கந்த எனச் சிங்களவரும் வழங்கும் அம்மலைக்குரிய வழிகள் இரண்டு எனவும், எளிய வழியால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே எவரும் கருதுவதில்லை எனவும் அவர் எழுதினார். அட்டைகளின் தொல்லையையும் அவர் மறக்கவில்லை. பல்லக்குச் சுமந்தோரின் பெயர்களோ அக்குறிப்பில் இல்லை.

அம்மலையின் உரிமை பற்றிய பிணக்கு அவிசாவளைக்கு இட்டுச் செல்கின்றது. 1521 இல் தோன்றிய சீதாவாக்கை அரசு, மாயாதுன்னை, முதலாம் இராசசிங்கன் ஆகிய இரு மன்னர் காலத்தில் போத்துக்கேயரைக் கொழும்புக் கோட்டைக்குள்ளே முடக்கி வைத்தது. ஆற்றங்கரையில் இன்றுங் காணப்படும் பெரண்டிக் கோயில், இராசசிங்கன் வைரவர்க்கெனக் கட்டத் தொடங்கியதாகக் கருதப்படுகின்றது. நுண்ணிய செதுக்கு வேலையுடைய கருங்கல் அடித்தளம் முற்றுப்பெறாமலே நிற்கின்றது. இராசசிங்கன் தந்தையைக் கொன்று, சைவத்தைத் தழுவி, சிவனொளிபாதமலையைச் சைவ அடியாரிடம் ஒப்படைத்தான் என்று சூளவம்சம் கூறும். கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அதனைப் பௌத்த பிக்குகளிடம் மீட்டளித்தான் என்பதும் அந்நூலின் கூற்றே. ஆயின் சூளவம்சத்தின் இப்பகுதி இயற்றப்பட்டது கீர்த்தி ஸ்ரீயின் ஆட்சிக்காலத்திலேயாகும் (1747-1782). புரவலனைப் புகழும் நூல் அவனுக்கு முற்பட்ட சைவ மன்னனை இகழ்வது வியப்பன்று. கீர்த்தி ஸ்ரீ தானும் மதுரை நாயக்கர் தொடர்புடைய, தமிழ் வழங்கிய குடும்பத்தில் வந்தவன் என்பதை நோக்கின், இவ்வரலாற்றை இன வரலாறாகச் சுருக்குதல் பொருந்தாது. சீதாவாக்கையின் படைத்தலைவருள் ஒருவனாகத் திகழ்ந்த அரிட்டகீவெண்டுப் பெருமாள் தென்னிந்தியாவிலிருந்து வந்தவன் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

கோட்டைகளைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. இரத்தினபுரிக்கு அண்மையிலுள்ள மகா சமன் தேவாலயத்தைப் போத்துக்கேயர் கைப்பற்றித் தம் அரணாக்கினர். சிங்கள வீரனை வீழ்த்தி நிற்கும் போத்துக்கேய வீரனின் கற்சிற்பம் ஒன்று அங்கு உள்ளது. தோற்றவரின் கோயிலிலே வென்றவரின் பெருமை இன்றும் பேணப்படுதல் விந்தையே. கேகாலைப் பகுதியில் ருவன்வெல்லையில் ஆங்கிலேயர் 1817 இல் கட்டிய கோட்டை பின்னர் வாடிவீடாயிற்று.

ஆங்கிலேயர் நாட்டை மாற்றியது கோட்டையாலன்று, சட்டத்தாலும் பாதையாலும் ஆகும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் சட்டம், உறுதி காட்டவியலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமை ஆக்கிற்று. அந்நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, உயர்நிலத்தில் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபரகமுவையின் தாழ்ந்த மலைச்சரிவுகளில் இறப்பரும் பரவின. சபரகமுவை தனி மாகாணமானது 1889 இலாகும். களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1902 இல் அவிசாவளையையும், 1903 இல் யட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓபநாயக்கவையும் அடைந்தது. இரண்டரை அடி அகலமேயுடைய அச்சிறு பாதை, தேயிலைப் பெட்டியும் இறப்பர்ச் சிப்பமும் கொழும்புக்குச் செல்ல வழி செய்தது. யட்டியாந்தோட்டைக் கிளை 1942 இலும், அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1976 இலும் மூடப்பட்டன.

இத்தோட்டங்களை உருவாக்கியோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தமிழர். வரும்போதே கடனாளிகளாய் வந்த அவர்களைக் கங்காணியின் கடன் கணக்குக் காட்டும் 'துண்டு' தோட்டத்தோடு பிணித்தது. அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நுவரெலியாவில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பரந்து கிடக்கின்றன. சபரகமுவையிலோ அவை சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இங்குள்ள தொழிலாளரின் வரலாறு வேறு திசையிற் சென்றமைக்கு இவ்வேறுபாடே முதற்காரணம் எனலாம். 1840 இன் சட்டத்தால் நிலமிழந்த கிராமத்தவனும், நிலமே இல்லாது வந்த தொழிலாளியும் ஒரே வேலியின் இருபுறமும் நின்றனர். கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கச் சுவீகரித்தபோது, அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். 1946 இல் அது பெரும் வேலைநிறுத்தமாக வளர்ந்தது. இருசாராரின் குறையும் உண்மையானதே. நிலத்தை முதலில் பறித்தவரோ அவ்வழக்கில் எதிரியாக நிறுத்தப்படவில்லை.

இரண்டாண்டுகளின் பின்னர், 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின்போது பல தோட்டங்களில் வேலையும் உறைவிடமும் ஒருங்கே பறிபோயின. 1977 இலும், மீண்டும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயன்கள் தாக்கப்பட்டன. பிழைத்தோருட் பலர் வவுனியா முதலிய வடபகுதிகளை நாடினர். எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

பயணத்தின் இறுதியில் ஏரி வருகின்றது. மலையின் மறுபுறத்தே மவுசாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை விழுங்கியது. வறட்சியில் அந்நகரின் வழிபாட்டிடங்களின் எச்சங்கள் நீருக்கு மேலே தோன்றுவதுண்டு. பலாங்கொடைக்கு அப்பால், வளவை கங்கையை மறித்து 1992 இல் நிறைவுற்ற சமனலவெவ நீர்த்தேக்கத்தின் கதை இன்னும் பழையது. அணை கட்டுமுன் நடத்தப்பட்ட தொல்பொருள் ஆய்வில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் இரும்புருக்கும் உலைகள் வெளிப்பட்டன. அவை கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. துருத்தி கொண்டு ஊதாமல், தென்மேற்குப் பருவக்காற்றையே உலைக்குள் ஈர்த்து இரும்பும் உயர்தர உருக்கும் செய்யும் முறை அங்கு கையாளப்பட்டது. ஆய்வை நடத்திய கில் ஜூலெஃப், அத்தகைய உலையொன்றைக் கட்டிக் காற்று வீசும் பருவத்தில் இரும்பை உருக்கிக் காட்டி, 1996 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவ்வுலைக்களங்கள் பலவற்றின் மேல் இன்று நீர் நிற்கின்றது. பயண வண்டி கரையோரம் நிற்க, வந்தோர் ஏரியைப் படம் பிடிக்கின்றனர். ஆனி, ஆடி மாதங்களாயின், உலைகளை மூட்டிய அதே காற்று அவ்வேளையில் அவர்தம் குடைகளைத் திருப்பிவிடும்.