தமிழ்ப் பிராமி (யாழ்ப்பாணக் குடாநாடு)

தமிழ்ப் பிராமி, தமிழ்மொழியை எழுதப் பண்டு வழங்கி, பின்னர் வழக்கொழிந்த வரிவடிவம். தமிழி என்றும் சொல்வர். பிராமியின் வடமொழி வருக்க எழுத்துகளைத் தவிர்த்து, ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குத் தனி வடிவம் வகுத்துக்கொண்டது இதன் சிறப்பு. தமிழகக் குகைச் சாசனங்களின் மொழி தமிழே என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். ஐராவதம் மகாதேவன் 2003இல் அவற்றைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார்.

குடாநாட்டில் இதற்குத் தலையாய சான்று ஆனைக்கோட்டை முத்திரை. யாழ் நகரிலிருந்து மானிப்பாய்க்குப் போகும் வழியில் உள்ள இவ்வூரில், கா. இந்திரபாலா தலைமையில் பொ. இரகுபதி முதலிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் 1980இல் பெருங்கற்கால ஈமக்குழியொன்றை அகழ்ந்தபோது கிடைத்தது. மோதிரத்தில் பதிக்கப்பட்டிருந்த, விரல்நுனி அளவேயான பொருள். மேல்வரியில் பானையோடுகளில் கீறப்படும் வகையான குறியீடுகள் மூன்று; கீழ்வரியில் பிராமி எழுத்துகள் மூன்று: கோ, வே, த. புள்ளியும் எகர ஒகர வேறுபாடும் நிலைபெறாத காலமாதலால் எழுத்துகள் மட்டும் ஒலிப்பை முடிவுசெய்யா. ஆயினும் புகளூர்ச் சாசனத்துக் கோ ஆதன் செல்லிரும்பொறையை நோக்க, ‘கோ’ என்னும் தலைமைப் பெயர் இங்கும் வருகிறது எனக் கொள்வதே பொருத்தம். கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டி இவ்வூரில் தமிழ்ப் பெயருடைய தலைவன் ஒருவன் இருந்திருக்கலாம் என்று இதனால் கருதலாம்.

குறியும் எழுத்தும் ஒருங்கே நிற்பதுதான் இம்முத்திரையின் அருமை. உலகில் இதற்கு ஒத்த நிலை உண்டு. உருசிய வடபுலத்துக் கோமி மக்களுக்காக, பெர்ம் நிலத்துப் புனித ஸ்தெபான் 1372இல் அபூர் என்னும் எழுத்தை ஆக்கியபோது, கிரேக்க, சிரில் எழுத்துகளோடு அம்மக்களின் உடைமைக் குறிகளையும் தழுவினார் என்பர். அங்கே குறி எழுத்தாயிற்று. ஆனைக்கோட்டையில் அது எழுத்துக்கு மேல்வரியில் தன் இடத்தைக் காத்துக்கொண்டது.

1936இல் வெளிப்பட்ட வல்லிபுரம் பொன்னேடும் பிராமியில் அமைந்ததே. வசப மன்னன் காலத்தில் இசிகிராயன் நாகதீபத்தை ஆண்டதையும் விகாரை எழுந்ததையும் கூறும் அதன் மொழி பிராகிருதம். ஆதலின் அதைத் தமிழ்ப் பிராமியில் சேர்ப்பதற்கில்லை.

பிராமி வழக்கொழிந்த பின் எழுந்த நயினாதீவுச் சாசனம் முதலாம் பராக்கிரமபாகுவினது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறையில் உடையும் கப்பல் யானை, குதிரை கொண்டுவந்ததாயின் காற்பங்கும், வேறு பண்டம் கொண்டுவந்ததாயின் பாதியும் அரச பண்டாரத்துக்கு என்று விதிக்கும் அதில் பிராமிச் சாயல் எதுவும் இல்லை. இன்று நாம் எழுதும் எழுத்தின் முன்னோடியும், இறுதியில் கிரந்தமுமே உள்ளன.

பிராமி 2010இல் யுனிகோட்டில் சேர்க்கப்பட்டது.