ஒரு பெயருக்குள் மூன்று நத்தைகள்

'கடல் அட்டை' என்று எழுதினால் ராமநாதபுரத்துக்காரர்கள் வேறொரு பிராணியை நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஓடில்லாத கடல்நத்தை என்றே சொல்கிறேன். முதுகு முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் ஹெர்மிசெண்டாவின் கதை இது.

1831இல் எஷ்ஷோல்ட்ஸ், அலாஸ்காவின் சிட்காவில் கிடைத்த ஒன்றுக்கு 'கிராசிகார்னிஸ்' என்று பெயர் வைத்தார். 1860களில் கூப்பர், சான் டியாகோவில் கிடைத்ததை 'ஒபலெசென்ஸ்' என்றார். 1937இல் ஜப்பானில் பாபா வைத்த பெயர் 'எமுராய்'. பின்னால் வந்தவர்கள், நிறம்தானே மாறுது, எல்லாம் ஒண்ணுதான் என்று மூன்றையும் முதல் பெயருக்குள் அடைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே கரையிலேயே இந்த நத்தைகள் ஆளுக்கொரு நிறத்தில் திரியும்.

சிக்கல் என்னன்னா, இது வெறும் அருங்காட்சியகப் பிராணி அல்ல. 1970, 80களில் டேனியல் ஆல்கனும் மற்றவர்களும் நினைவாற்றலை ஆராய இதைத்தான் பிடித்தார்கள். கண் ஒன்றுக்கு ஐந்தே ஐந்து ஒளி உணரும் செல்கள். அதற்கு வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டே சுழற்றுவார்கள். சுழற்றினால் நத்தை பாதத்தைச் சுருக்கிக்கொள்ளும். பலமுறை இப்படிச் செய்தபின், சுழற்றாமலே வெளிச்சம் பட்டதும் சுருக்கும். அதாவது, கற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கண் செல்களில் என்ன மாறியது என்றும் அளந்தார்கள். கட்டுரைகளில் எல்லாம் ஒரே பெயர்: கிராசிகார்னிஸ்.

2016இல் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் லிண்ட்சியும் வால்டெஸும் பல கரைகளின் நத்தைகளிலிருந்து மரபணுக்களை எடுத்து ஒப்பிட்டார்கள். மூன்று தனிக் கிளைகள்! புதுப் பெயர் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. பழைய மூன்றும் தூசு தட்டப்பட்டு எழுந்தன. எனக்கு இதில் பிடித்ததே இதுதான். டி.என்.ஏ. பழைய ஆட்களைத் தோற்கடிக்கவில்லை, அவர்கள் பக்கம் சாட்சி சொன்னது. அதற்குப் பிறகு பார்த்தால் உடம்பிலும் அடையாளம் இருந்தது: வடக்கத்தி இனத்துக்கு முதுகு விரல்களில் நீளமாக வெள்ளைக்கோடு, தெற்கத்தி இனத்துக்கு அது கிடையாது.

அப்போ அந்தச் சோதனைகள் வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. செல்லில் அளந்த மின்னழுத்தம், பெயர் மாறியதால் மாறாது. ஆனால் ஒரு ஆய்வகத்தின் முடிவை இன்னொன்றோடு ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே பிராணியா என்று கேட்டாக வேண்டும். பழைய கட்டுரைகளில் நத்தையை எங்கே பிடித்தோம் என்று சொல்லும் சாதாரண வரிக்கு இப்போது மவுசு. தென் கலிஃபோர்னியா என்றால் அது ஒபலெசென்ஸ். வட கலிஃபோர்னியா என்றால் தொல்லை, அங்கே இரண்டும் சேர்ந்தே வாழ்கின்றன. வெள்ளைக்கோடு தெரிகிற மாதிரி யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் உண்டு.