அழுத்தமும் அளவும்: கணினி வரலாற்றில் ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் அமைந்த பழுகாமத்தில் வேளாண்மைக் குடியிற் பிறந்தவர்க்குக் குளத்து நீரின் கணக்கு இளமையிலேயே பழக்கமாகிவிடும். குளத்தின் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் துருசினூடாக நீர் விரைந்து பாயும். வட்டை விரைவில் நிரம்பும். ஆயின் நீர்மட்டம் உயருந்தோறும் குளக்கட்டின் மீதான அழுத்தமும் உயரும் என்பதை வட்டைவிதானையார் மறப்பதில்லை. வேகத்தை விரும்புவோன் கட்டின் வலுவையும் எண்ணவேண்டும் என்னும் இவ்வறிவு, மேசைக்கணினியின் முறைவழியாக்கிக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தின் வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்கின்றது.

பேச்சு வழக்கிற் 'புரொசசர்' எனப்படும் முறைவழியாக்கியுள் கோடிக்கணக்கான திரான்சிற்றர்கள் ஆளிகளாக இயங்குகின்றன. ஆளியொன்று நிலைமாறும்போது நுண்ணிய கொள்ளளவமொன்று ஏற்றம்பெறவோ இழக்கவோ வேண்டும். அழுத்தம் கூடினால் அது விரைவாக நிகழும். எனவே ஆலை குறித்த மீடிறனுக்கு மேலாகக் கணினியை ஓட்டும் 'ஓவர்குளொக்கிங்' முயற்சியில், ஓரெல்லைக்கு அப்பால் அழுத்தத்தையும் உயர்த்த நேர்கின்றது. இதற்கான விலையோ பெரிது. ஆளிகளின் இயக்கத்திற் செலவாகும் சக்தி மீடிறனுக்கு நேர்விகிதசமமாகவும், அழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமாகவும் கூடும். இரண்டையும் 10 வீதம் உயர்த்தினால் சக்திச்செலவு ஏறத்தாழ 33 வீதம் உயரும். அவ்வளவும் வெப்பமாகவே வெளிப்படும்.

இதனை மனத்திற்கொண்டு வரலாற்றை நோக்கின் வியப்பானதோர் உண்மை புலனாகும். கணினி வேகம் வளர்ந்தது அழுத்தம் ஏறியதனால் அன்று, இறங்கியதனாலேயாம். 1971ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் முறைவழியாக்கி 15 வோல்ற்றில் இயங்கியது. அதன் உச்ச மீடிறன் 740 கிலோஹேட்சு மட்டுமே. 1978இல் வந்த 8086க்கு 5 வோல்ற்று போதுமாயிற்று. திரான்சிற்றரின் அளவைக் குறைக்கும் அதே விகிதத்தில் அழுத்தத்தையும் குறைத்தால், பரப்பொன்றில் எழும் வெப்பம் கூடாமலே வேகத்தைப் பெருக்கலாம் என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் றொபேட் டெனாட்டும் அவர்தம் குழுவினரும் 1974இல் நிறுவியிருந்தனர். 1993இல் 66 மெகாஹேட்சில் ஓடிய பென்ரியம் 5 வோல்ற்றை வேண்டிற்று. அடுத்த ஆண்டின் 100 மெகாஹேட்சுப் பென்ரியத்துக்கு 3.3 வோல்ற்றே தேவைப்பட்டது. ஏனையவை மாறாதெனக் கொண்டால், வேகம் ஒன்றரை மடங்கானபோதும் சக்திச்செலவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது எனலாம்.

பயன்படுத்துவோரின் முயற்சி இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணினியின் பளிங்கை மாற்றி 6 மெகாஹேட்சினை 8 ஆக்கினோர் பலர். 1998இல் வந்த செலரோன் 300ஏ இம்முயற்சியைப் பெருவழக்காக்கியது. பாட்டையின் மீடிறனை 66இலிருந்து 100 மெகாஹேட்சாக மாற்றிய அளவில், 300 மெகாஹேட்சுச் சில்லு 450இல் ஓடிற்று. பன்மடங்கு விலைகொண்ட பென்ரியம் 2இன் வேகத்தை வசதி குறைந்தோரும் எட்டிப்பிடித்தனர். 2.0 வோல்ற்றில் அவ்வேகத்தைத் தாங்காத சில்லுகளுக்கு அழுத்தத்தைச் சிறிது உயர்த்தினர். தாய்ப்பலகைகள் சிலவற்றின் பயோஸ் நிரலிலேயே அதற்கு இடமிருந்தது. இம்முயற்சியை வெறும் விளையாட்டென ஒதுக்குதல் நீதியாகாது. பணத்தாற் பெறமுடியாததை அறிவாற் பெறும் வேட்கை அதிலிருந்தது.

ஆயின் இறக்கத்துக்கும் ஓரெல்லை இருந்தது. அழுத்தம் 1 வோல்ற்றை அண்மித்தபோது, மூடிய ஆளியினூடாகவும் மின்னோட்டம் கசியலாயிற்று. மேலும் குறைத்தல் அரிதாயிற்று. 4 கிகாஹேட்சுப் பென்ரியம் 4ஐ வெளியிடும் திட்டத்தை இன்ரெல் 2004இற் கைவிட்டது; ஒரு சில்லில் பல கருக்களை அமைக்கும் வழி பின்னர் பெருவழக்காயிற்று.

மிகையழுத்தத்தின் தீங்கு அண்மையிலும் வெளிப்பட்டது. இன்ரெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகள் சில நிலைகுலைந்தமைக்கு, அவை அளவுக்கு மிஞ்சிய அழுத்தத்தைக் கோரியமை காரணம் என 2024 யூலையில் அந்நிறுவனமே அறிவித்தது. அவ்வாண்டு ஓகத்தில் வந்த திருத்தம், கோரும் அழுத்தத்தை 1.55 வோல்ற்றுக்கு மேற்செல்லாது தடுத்தது. ஆயின் முன்னரே நலிந்த சில்லுகளை அத்திருத்தம் மீட்கவில்லை. வேகப் போட்டியில் ஆக்கியோரே அளவு தவறினர் என்பது இங்குச் சிந்திக்கற்பாலது.

இவ்வரலாறு எம்மனோர்க்கு வெறுங் கதையன்று. எமது ஊரில் ஒரு போக விளைச்சலின் மிச்சத்தில் வாங்கப்படும் பழைய கணினி, அண்ணன் படித்தபின் தங்கைக்கும் பயன்படவேண்டியது. மட்டக்களப்பின் வெயிலில் அறையே கொதிக்க, சில்லின் வெப்பம் வெளியேறுதல் இன்னும் கடினமாகின்றது. அழுத்தமும் வெப்பமும் கூடின் சில்லினுள் உள்ள உலோக இணைப்புகளின் அணுக்கள் மின்னோட்டத்தால் இடம்பெயர்ந்து, காலப்போக்கில் அவ்விணைப்புகள் நலிவுறும். கூட்டிய அழுத்தம் இன்று தரும் சிறு வேகத்தைத் தங்கையின் ஆண்டுகளிலிருந்தே கடனாகப் பெறுகின்றோம்.

ஆனால் அழுத்தத்தை உயர்த்தும் வசதியுள்ள கணினிகள் பலவற்றில் அதனைத் தாழ்த்தவும் வழியுண்டு. மீடிறனை மாற்றாது, அழுத்தத்தைப் படிப்படியாக மிகச் சிறிதளவு குறைத்து, ஒவ்வொரு படியிலும் கடும்பணி கொடுத்துச் சில மணிநேரம் சோதித்து, தடுமாறினால் ஒருபடி மீளலாம். வேகம் குன்றாமலே வெப்பம் தணியும், ஆயுள் நீளும். குளக்கட்டைக் காத்து வட்டைக்கு நீர் பாய்ச்சும் வட்டைவிதானையாரின் திறமையும் இதுவே. அளவறிந்து நிறுத்துதலும் அறிவின் பயனேயாம்.